பரங்கிக் குழியில் நான் போடாத நாற்றுகள், விடலாமா?

வேலியோரம்:
ஆடிப்பட்டத்தில் போட்ட பரங்கி மூன்றிலை விட்டு நன்றாக வருகிறது. அதே குழியில் இப்போது வேறு நாற்றுகளும் கிளம்பியிருக்கின்றன. சில தக்காளி போலத் தெரிகின்றன. சில பரங்கி ஜாடையில் இருக்கின்றன, ஆனால் வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலை) சின்னது. அடியுரம் சமையலறைக் கழிவை மட்கவைத்துப் போட்டதுதான். முளைத்ததைப் பிடுங்க மனசே வரவில்லை, எதை விடலாம் சொல்லுங்கள்.

கத்தரிப்பூ:
உரத்திலிருந்து வந்தவைதான். குவியல் 55, 60 டிகிரி வரை சூடேறினால்தான் விதைகள் சாகும், வீட்டுத் தொட்டியில் அவ்வளவு சூடு பெரும்பாலும் வராது. தக்காளி என்றால் வித்திலை ஒடுக்கமாக, நுனி கூராக இருக்கும், தண்டில் பூனைமுடி மாதிரி ரோமம் இருக்கும், அடுத்த இலை வெட்டுவெட்டாக வரும், கசக்கினாலே வாசனை தெரிந்துவிடும். மணத்தக்காளியும் முதலில் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் அடுத்த இலை வெட்டில்லாமல் முழுசாக வரும். இரண்டையும் சாயங்காலமாக மண்ணோடு எடுத்து வேறு இடத்தில் நட்டுவிடுங்கள், தாராளமாகப் பிழைக்கும்.

மண்வெட்டி:
பரங்கியை ஒட்டி நிற்பவற்றைப் பிடுங்க வேண்டாம். பரங்கி வேர் மேலாகவே ஓடும், கூடவே ஆடிப்போகும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். குழிக்கு இரண்டு பரங்கி போதும். பார்த்தீனியம் இருந்தால் மட்டும் பூக்குமுன் வேரோடு எடுங்கள், கையுறை அவசியம், பலருக்குத் தோலில் அரிப்பு வரும்.

ஆடிக்காற்று:
அந்தப் பரங்கி ஜாடைக் கன்றுகள் விஷயத்தில் கவனமாக இருங்கள். கடையில் வாங்கிய காயின் விதை என்றால் தாய்க்காய் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது, அபூர்வமாகக் கசப்புக் காயும் வரும். வெள்ளரி, சுரை, பரங்கி எதுவானாலும் அந்தக் கசப்பு குக்கர்பிடசின் என்கிற நச்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது. காய்த்தால் பச்சையாக ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். பக்கத்தில் அது பூப்பதால் உங்கள் பரங்கியின் இந்த வருஷக் காய்க்கு ஒன்றும் ஆகாது, மகரந்தம் கலந்தால் மாற்றம் விதையில்தான். விதைக்கு எடுப்பதாக இருந்தால் யோசியுங்கள்.

வேலியோரம்:
நன்றி. கசக்கிப் பார்த்தேன், பெரும்பாலும் தக்காளிதான். ஒன்றில் மட்டும் பாகல் வாடை, இலையும் விரல்விரலாகப் பிரிகிறது. பந்தல் பக்கம் மாற்றலாமா?

கத்தரிப்பூ:
பாகல் வேர் அறுந்தால் தாங்காது. இளசாக இருக்கும்போதே பெரிய மண்கட்டியோடு எடுங்கள், இல்லாவிட்டால் பந்தலடியில் புது விதையே போட்டுவிடுங்கள்.