பிளாக்பெர்ரி இனவிருத்தி: நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

செம்மண்:

அமெரிக்காவின் அர்கன்சா பல்கலைக்கழகத்தின் கிளார்க்ஸ்வில் பழ ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் மூர் 1964இல் தொடங்கிய பிளாக்பெர்ரி இனவிருத்திப் பணியிலிருந்து நவஹோ, வாஷிட்டா, நாச்செஸ் ரகங்கள் எல்லாம் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். ஒரு ஜூன் மாதக் காலையில் அந்த வரிசைகளினூடே நடக்க எனக்கு வாய்த்தது. நாற்று நிலையைத் தாண்டி எண் பெற்று, சில செடிகளாகப் பெருக்கப்பட்டிருந்த ஒரு ‘தேர்வின்’ (ரகமாக்கலாமா என்று தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் செடியின்) பழத்தை வாயிலிட்டதும் நின்றுவிட்டேன். புளிப்பு இருந்தது, ஆனால் இனிப்பு அதைத் தாங்கியது. பின்னால் மெல்லிய பூமணம் வந்தது. விதை பல்லில் உறுத்தவேயில்லை. அந்த எண்ணுக்கு எதிரே ‘நீக்குக’ என்று எழுதியிருந்தது.

ஏன் என்று கேட்டபோது, உடன் வந்தவர் பதில் சொல்லாமல் என்னைக் குளிரறைக்கு அழைத்துச் சென்று, அதே செடியில் பறித்து 5 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வைத்திருந்த டப்பாவைத் திறந்து காட்டினார். பறித்த அன்று மையாகக் கறுத்திருந்த பழங்களில், அவை கோத்தாற்போன்ற சிறு மணிகளில் மூன்றில் ஒரு பங்கு செங்காய்போலச் சிவந்திருந்தன. அடித்தாள் முழுதும் ஊதாக் கறை. காலையில் நாவில் இருந்த சுவை அப்போதும் அகலவில்லை; கண்ணெதிரே இருந்ததோ எந்தக் கடைக்காரரும் வாங்காத பழம். அந்த டப்பா இன்றுவரை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கார்த்திகை மழை:

நண்பரே, அந்தச் செடியை நீக்கியது தவறு என்பதே என் கருத்து. ஆயிரம் மைல் லாரியில் போய்த் தாங்குவதுதான் பழத்தின் தரம் என்றால், சுவை என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடலாம். நான் ஒரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். இங்கே 1956இல் வெளிவந்த மேரியன் மென்மையான பழம், தொட்டால் கசியும், தண்டெல்லாம் முள். இருந்தும் ஜாமுக்கும் ‘பை’ (pie) என்னும் பழப் பண்டத்துக்கும் அதைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் அந்த மணம் வேறெதிலும் எளிதில் அமையவில்லை.

ஆயினும் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவில் இயந்திரம் உலுக்கிப் பறித்து உறையவைத்த பழத்தில் நான் செய்த அந்தப் பண்டத்தை என் மாமியார் ஒரு வாய் மென்றார். மறுகணம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளங்கையில் அவர் துப்பியது ஒரு கொக்கி முள். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மட்டும் மெல்ல நகர்த்தி வைத்தார். அதன் பிறகுதான் 2014இல் வெளியான கொலம்பியா ஸ்டார் போன்ற முள்ளில்லா ரகங்களுக்காக இங்குள்ள ஆய்வாளர்கள் ஏன் அத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள் என்பது எனக்கு உறைத்தது.

வாய்க்கால்மேடு:

என் தோட்டத்திலும் சென்ற கோடையில் பழம் சிவந்தது. நாச்செஸ், நாற்பது டப்பா, பாதி திரும்பி வந்தது. ஆனால் செம்மண் அவர்கள் முழுப் பழியையும் செடியின் மீது போடுவதை ஏற்க முடியவில்லை. பறிப்பவரின் கைக்கும் அதில் பங்கு உண்டு. மணி நசுங்கினாலோ திடீரெனக் குளிர்ந்தாலோ உள்ளிருக்கும் செல்களின் சவ்வு சிதைந்து நிறம் மாறுகிறது. ஆகவே வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்து முடியுங்கள். பழத்தை ஒரே ஒருமுறை மட்டும் தொட்டு, விற்கும் டப்பாவிலேயே நேராக இடுங்கள். வாளியில் கொட்டிப் பிறகு பிரிப்பது கூடாது. டப்பா ஆழமில்லாததாக இருக்கட்டும். களத்துச் சூட்டோடு இருக்கும் பழத்தைப் பனிக்காற்றில் தள்ளாமல், படிப்படியாகக் குளிரவிடுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி செழிக்கும், பழத்தில் சிவப்பு கூடும்; இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். பறித்த பழத்தைக் கழுவவும் வேண்டாம்.

ஏழாம் நாற்று:

மேலே அறிவுரை யாரும் கேட்கவில்லை என்றாலும் பயனுள்ளது, நன்றி. கார்த்திகை மழை அவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கம். கொலம்பியா ஸ்டாரின் முள்ளின்மை லிங்கன் லோகன் என்ற முள்ளில்லாச் செடியின் வழி வந்த ஓங்கு பண்பு. ஒரு பெற்றோரிடம் இருந்தாலே பிள்ளைகளில் வெளிப்படும். நவஹோவின் முள்ளின்மை ஒடுங்கு பண்பு. நவஹோ போன்றவற்றில் குரோமோசோம் தொகுதிகள் நான்கு; நான்கிலும் அது அமைந்தால்தான் முள் மறையும் என்பதால் கணக்கு கொடுமையானது.

நான் நவஹோவையும் முள்ளுள்ள பிரேசோஸ் ரகத்தையும் கலந்தேன். முதல் தலைமுறை அத்தனையும் முள். அவற்றைத் தமக்குள் கலந்து எடுத்த விதைகளின் ஓட்டை அமிலத்தில் கரைத்து, மூன்று மாதத்துக்கு மேல் குளிரில் வைத்து முளைக்கவைத்தேன். 36இல் ஒன்றுதான் முள்ளில்லாமல் வரும் என்பது காகிதத்தில் தெரிந்ததுதான். ஆனால் கைலென்ஸைப் பிடித்துக்கொண்டு வித்திலையின் ஓரத்தைப் பார்த்தபோதுதான் அந்த எண் எனக்குப் பொருளாயிற்று. ஓரத்தில் சுரப்பி மயிர் இருந்தால் அது முள்செடி. தட்டு தட்டாக எல்லாவற்றிலும் மயிர். 130 நாற்றில் மூன்று மட்டுமே வழுவழுவென்று இருந்தன. மற்றவற்றை என் கையாலேயே பிடுங்கினேன். மூன்றும் இரண்டாம் ஆண்டில் காய்த்தன. முள் இல்லை; சுவையும் இல்லை.

பிடுங்கி எறிந்தவற்றுள் செம்மண் அவர்கள் சொன்ன பழம் இருந்திருக்குமோ என்று இன்றும் நினைப்பேன்.

செம்மண்:

வாய்க்கால்மேடு அவர்களுக்கு: அந்தப் பழங்களை அதிகாலையில், பழகிய கைகளே பறித்தன, பக்கத்துத் தேர்வின் டப்பா அதே அறையில், அதே நாளில் கறுப்பாகவே இருந்தது. ஆகவே குறை செடியினுடையதுதான்.

ஆனால் ஏழாம் நாற்று எழுதியதைப் படித்தபோதுதான் என்னை உறுத்துவது டப்பா அன்று என்பது புரிந்தது. கடைக்குப் போகாத செடி பெற்றோராக இருக்கக் கூடாதென்று இல்லை; பழுத்த பிறகும் கறுக்கென்று கடிபடும் உறுதியான தேர்வுகள் அதே நிலையத்தில் உண்டு, அவற்றோடு கலந்தால் அந்தச் சுவை ஏதாவது ஒரு பிள்ளையில் மீண்டும் வந்திருக்கலாம். நீக்குவதற்கு முன் அதன் மகரந்தத்தை எடுத்தீர்களா என்று அன்று நான் கேட்கவில்லை.