நெரிசலில் நின்ற அந்த மூன்று மணி நேரம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அம்மாவுக்குக் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். தியேட்டருக்குள் கூட்டிப்போவதற்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். நாலரைக்கே காரை எடுத்தேன். தொடர் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. ஆறு மணிக்கு, எனக்கு முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. அந்த லாரியின் நீலத் தார்ப்பாயில் ஏழு ஓட்டைகள். இன்றைக்கும் அவை எந்தெந்த இடத்தில் இருந்தன என்று என்னால் வரைந்து காட்ட முடியும்.

ஏதோ விபத்து என்றுதான் நினைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து வண்டிகள் தானாக வேகம் பிடித்தபோது பார்த்தால், வழியில் ஒன்றுமே இல்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகூட இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அம்மா உள்ளே போய்விட்டார். நல்லபடியாக முடிந்தது. ஆனால், கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டு போனாராம்.

ஒன்றுமே இல்லாமல் சாலை எப்படி அடைபடும் என்று தேடிப் படித்தேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லி, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் பிரேக்கை அழுத்த, சிறிது நேரத்தில் கார்கள் நிற்கவே ஆரம்பித்துவிட்டன. தப்பு யார் மேலும் இல்லை. அத்தனை வண்டி ஒரே சாலையில் இருப்பதுதான் காரணம்.

பதில்:
நான் பத்தொன்பது வருஷமாகத் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் வழித்தடத்தில் நாலு வழிச்சாலையை ஆறு வழியாக்கினார்கள். முதல் வருஷம் அரை மணி நேரம் மிச்சமானது. மூன்றாம் வருஷம் பழைய இடத்திலேயே பழையபடி நிற்கிறேன். சாலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் காரை எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 தடம் வரை விரித்தும், சில வருஷங்களில் உச்ச நேரப் பயணம் முன்பைவிட நீண்டுவிட்டது. பேருந்து ஓட்டிச் சாப்பிடுகிறவன்தான் சொல்கிறேன், ரயில் போடுங்கள்.

பதில்:
ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஷின் ஒசாகாவுக்கு அவர்களுடைய அதிவேக ரயிலான ஷிங்கான்சென்னில் போனேன். 515 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்துக்குள். பக்கத்து இருக்கைப் பெரியவர் வழியெல்லாம் பேனாவால் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார்; ஒரு வரிகூடக் கோணவில்லை. பழைய பாதையில் இடமே இல்லாமல் போனதால்தான் 1964இல் அவர்கள் தனிப் பாதை போட்டார்கள். லெவல் கிராசிங் கிடையாது, சரக்கு வண்டி குறுக்கிடாது. 16 பெட்டி ரயில் ஒன்றில் 1,323 இருக்கைகள். நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2,000 வண்டிகள்தான் போக முடியும், அதுவும் எல்லாம் ஒழுங்காக ஓடினால். அங்கே அப்படிப்பட்ட ரயில் சில நிமிஷங்களுக்கு ஒன்று கிளம்புகிறது.

ஒன்று மட்டும்: ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போகப் பேருந்தோ மெட்ரோவோ இல்லையென்றால், மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே போய்விடும். அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் எழுதியவர்:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை. இந்த முறை முந்தின நாளே போய்த் தங்கிக்கொள்கிறேன்.