‘ரிஸ்க் ஸ்ட்ராட்டிஃபிகேஷன்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வீடு வீடாகப் போய்க் காசநோயாளிகளைப் பார்க்கும் தன்னார்வலர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். வண்ணாரப்பேட்டை, காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் வேலை செய்கிற பெண்கள்தான் படிக்கப் போகிறவர்கள். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘ரிஸ்க் ஸ்ட்ராட்டிஃபிகேஷன்’, அதாவது யாருக்கு ஆபத்து கூடுதல், யாருக்குக் குறைவு என்று நோயாளிகளைப் பிரிப்பது. அங்கேயே நிற்கிறேன்.

விஷயம் ஒன்றும் கடினமில்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நோய் உறுதியானதுமே சிலவற்றை அளந்து பார்த்துவிடுகிறார்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 14ஐத் தாண்டவில்லையா? 16க்குள் இருந்து காலும் வீங்கியிருக்கிறதா? நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்குகிறதா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழ் காட்டுகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் வெறும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை. மருத்துவர் மறுபடி முழுதாகப் பரிசோதித்து, உள்நோயாளியாகச் சேர்க்க ஏற்பாடு செய்வார்.

இந்தப் பிரிப்புக்கு என்ன பெயர்? என் கையில் இருப்பவை: இடர் அடுக்கமைவு, ஆபத்து நிலைப் பிரிப்பு, இடர்த் தரம்பிரிப்பு. எதுவும் வாயில் உட்காரவில்லை.

பெரம்பூர் புலவர் எழுதியது:

அம்மையீர், ‘இடர்’ வேண்டா. இடர் என்பது வந்துவிட்ட துன்பம். அப்பர் ‘நரகத்தில் இடர்ப்படோம்’ என்கிறார். அங்கே போய்ச் சேர்ந்தவன்தானே இடர்ப்படுவான்? உங்களுக்கு வேண்டியது இனி வரக்கூடியது.

வள்ளுவர் எடுத்து வைத்திருக்கிறார். ‘பேதைமை என்பதொன்று யாதெனின் ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்’ (831). ஏதம் என்றால் கேடு, ஊதியம் என்றால் ஆதாயம். ஏதத்துக்குப் பக்கத்திலேயே ஊதியம் நிற்பதைப் பாருங்கள். எந்தச் சிகிச்சையால் எவ்வளவு ஏதம், எவ்வளவு ஊதியம் என்பதுதானே மருத்துவரின் கணக்கு? ‘துணைவலியும் தூக்கிச் செயல்’ (471) என்பதிலிருந்து தூக்கு, அதாவது எடைபோட்டுப் பார்ப்பது. ஏதம் + தூக்கு = ஏதத்தூக்கு. மகரம் கெட்டு வலி மிகும்.

கொடுங்கையூர் நிரலர் எழுதியது:

ஐயா, நான் பிறந்தது நெல்லைப் பக்கம். எங்கள் ஊரில் கேதம் என்றால் எழவு. ஏதம் என்று ஒரு தன்னார்வலர் வேகமாகச் சொன்னால் காதில் கேதமாகத்தான் விழும். அதோடு தூக்கு வேறா? நோயாளி கையேட்டைப் பார்த்ததும் மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவிடுவார்.

இன்னொன்று. கொடுங்கையூர்க்காரனிடம் ‘தரம் பிரித்தல்’ என்று சொல்லாதீர்கள். இங்கே தரம் பிரிப்பது குப்பையை. மாநகராட்சி வண்டி தினமும் காலையில் அதைத்தான் பாடிக்கொண்டு வருகிறது.

என் ஓட்டு: ரிஸ்க். ‘ரிஸ்க் எடுக்காதப்பா’ என்று யார்தான் சொல்வதில்லை? ராயபுரம் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற பெண்களைக் கேளுங்கள், ‘எனக்கு ஹை ரிஸ்க்குனு எழுதிட்டாங்க’ என்பார்கள். ‘ரிஸ்க் பிரிவு’ என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

ராயபுரம் மருத்துவர் எழுதியது:

சொல் ஆக்குவதற்கு முன் பொருளைச் சரிசெய்துகொள்வோம். அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை பிரிக்கிறோமே, அது வேறு. அது இந்த நிமிடத்தின் கணக்கு. எங்கள் சிஸ்டர்கள் ‘ரெட்ல போடு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இங்கே கேட்பது வரப்போகும் நாட்களின் கணக்கு. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. அந்த இரண்டு மாதத்தைத் தாண்ட மாட்டார் என்று யாரைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்பதே கேள்வி.

நிமோனியாவுக்குக் ‘கர்ப்-65’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா கூடுதல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் குறைவு, வயது 65 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பூஜ்யம், ஒன்று என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு என்றால் சேர்ப்பதை யோசிக்க வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் தீவிர சிகிச்சைப் பிரிவை நினைக்க வேண்டும். புள்ளி நோயைச் சொல்லவில்லை, நான் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது.

அதனால் ‘ஆபத்து நிலை’ கூடவே கூடாது. தினத்தாளில் ‘ஆபத்தான நிலையில்’ என்றால் ஆள் வென்டிலேட்டரில் இருக்கிறார் என்று அர்த்தம். தன் காலால் நடந்து வந்த ஒரு பையனின் அம்மாவிடம் எங்கள் பயிற்சி மாணவர் ‘ஆபத்துப் பிரிவு’ என்று சொல்லிவிட்டார். அந்தம்மா என்னிடம் ஓடிவந்து, ‘இன்னா டாக்டர், புள்ளைய வூட்டுக்கு எடுத்துனு போய்டச் சொல்றியா?’ என்று கேட்டார். பி.எம்.ஐ. 13.6, சோறும் மருந்தும் சேர்ந்து போனால் பிழைக்கக்கூடிய பையன்.

‘வாய்ப்பு’ என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ‘இறக்கும் வாய்ப்பு’ என்றால் ஏதோ சலுகை கிடைத்த மாதிரி இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கம் வங்கி அறிக்கைகளில் ரிஸ்க்குக்கு ‘இடர்நேர்வு’ என்றே எழுதுகிறோம். ‘நேர்வு’ சேர்ந்தால் இனி நேரக்கூடியது என்ற பொருளும் வந்துவிடும். புலவர் ஐயாவின் தடையும் நீங்கும் என்று நினைக்கிறேன்.

பெரம்பூர் புலவர் எழுதியது:

நீங்கவில்லை. ‘இடு’ என்ற வேருக்கு ஒடுங்கல் என்பது பொருள். இடுகு, இடுக்கு, இடை, இடுப்பு எல்லாம் அதன் வழி வந்தவை. கண் சுருங்குவதால் இடுக்கண். இடரும் அந்தக் குடும்பம் என்பதே என் துணிபு. நெருக்கடியில் மாட்டிக்கொண்டவனைச் சொல்வதற்குத்தான் அது பொருந்தும். அவனோடு ‘நேர்வு’ சேர்த்தால் மாட்டிக்கொண்டவன் மறுபடி மாட்டிக்கொள்வான்.

ரிஸ்க் என்று அப்படியே போடச் சொன்ன தம்பிக்கு ஒன்று. ‘புறநோயாளி’ என்று சீட்டில் அச்சடித்தபோதும் யாருக்குப் புரியும் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

கொடுங்கையூர் நிரலர் எழுதியது:

சீட்டில் புறநோயாளிதான் ஐயா. வாயில் ஓ.பி.தான். மக்கள் பெயர் வைக்க நினைத்தால் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஸ்டான்லியை நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியாக வந்த பெயர். எந்தக் கலைச்சொல் குழு கூடி முடிவு செய்தது?

திருவொற்றியூர் கல்லூரி ஆசிரியர் எழுதியது:

இடர், இடறுவதிலிருந்து வந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை அப்புறம் பார்ப்போம்.

‘அடுக்கமைவு’ பற்றி: சமூகவியல் பாடத்தில் ‘சமூக அடுக்கமைவு’ என்றால் சாதியும் வர்க்கமும். மாணவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே அங்கே கட்டுண்டு கிடக்கிறது. நோயாளியை ‘உயர் அடுக்கு’ என்றால் ஏதோ மேட்டுக்குடி என்று நினைப்பார்கள். உயர்வு நம் மொழியில் நல்லதோடுதான் போகும். ‘மிகு இடர், நடு இடர், குறை இடர்’ என்று வையுங்கள்.

குறளைத் தேடுபவர்கள் 949ஐ ஏன் விட்டீர்கள்? ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்.’ அந்தப் பையனின் பி.எம்.ஐ. உற்றான் அளவு. மூச்சும் ஆக்சிஜனும் பிணியளவு. மருத்துவர் சொன்ன இரண்டு மாதம் காலம். பரிமேலழகர் பிணியளவை விரிக்கும்போது சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என்று பிரித்தே காட்டுகிறார். ஆகவே ‘இடரளவு’ என்று ஒரு சொல் வைக்கலாமே?

பெரம்பூர் புலவர் எழுதியது:

பரிமேலழகர் காட்டிய மூன்றும் வடசொல். பிரிப்பு மட்டும் நம்முடையதா? போகட்டும், தீரும் நோய், தீரா நோய், ஆறிக் கிடக்கும் நோய் என்று சொல்லலாம். இடறு என்பதில் வல்லின றகரம், இடரில் இடையின ரகரம். ஆசிரியர் இதைக் கவனிக்க வேண்டும். அப்படியே ஒற்றியூரின் ‘ஒற்றி’யையும் பார்த்தால், அடகு வைத்த பொருள் போய்விடுமோ என்ற அச்சமும் ஒருவகை ஏதமே.

ராயபுரம் மருத்துவர் எழுதியது:

இடுப்பிலிருந்து அடகுக் கடை வரை வந்துவிட்டோம். நோயாளி இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

தண்டையார்பேட்டை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பயிற்சிக்கு வந்த தன்னார்வலர்களிடம் எல்லாச் சொற்களையும் படித்துக் காட்டினேன். ஏதத்தூக்குக்குச் சிரித்தார்கள் (மன்னிக்கவும் ஐயா). இடரளவைப் பேரிடர் மையத்து மழை அளவு என்று நினைத்தார்கள். இடர்நேர்வு என்றதும் ‘நேர்காணலா?’ என்றார் ஒருவர். பதிவேட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் புள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, நோட்டுக்குள் வைத்தால் சரி, வாசலில் நின்று நிறத்தைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். 2020இல் கொரோனா வந்த வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, தெருவில் தகரம் அடித்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காசநோய் என்றால் பக்கத்து வீடு பைப்பில் தண்ணீர் பிடிக்க விடாது. இதில் ‘சிவப்பு வீடு’ என்று வேறு பெயர் எடுக்க வேண்டுமா?

அப்படியானால் நோயாளியிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். காசிமேட்டுக்காரர் ஒருவர் யோசிக்கவே இல்லை. ‘உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும்மா, பெரிய டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம், அவ்ளோதான்’ என்றார்.

எனவே நோயாளியிடம் பேசும் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் ‘கூடுதல் கவனம்’ என்று போடப் போகிறேன். அத்தியாயத் தலைப்புக்கு ‘இடர்நிலைப் பகுப்பு’. அதற்குள் மிகு, நடு, குறை. ஆட்சேபம் இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

ராயபுரம் மருத்துவர் எழுதியது:

சரி. தலைப்பு எப்படி இருந்தாலும் 94ஐயும் 24ஐயும் மாற்றி அச்சடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுங்கையூர் நிரலர் எழுதியது:

‘கூடுதல் கவனம்’ அருமை. ‘இடர்நிலைப் பகுப்பு’க்கு எதிர்ப்பில்லை, உற்சாகமும் இல்லை. இதையே கைபேசிச் செயலியில் போட்டால் அந்தத் தலைப்பு ஒரே வரியில் அடங்காது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

திருவொற்றியூர் கல்லூரி ஆசிரியர் எழுதியது:

உடன்படுகிறேன். ஒற்று மிகுமிடம் சரியாக இருக்கிறது.

பெரம்பூர் புலவர் எழுதியது:

நான் உடன்படவில்லை. பெரும்பான்மை என்பதால் அச்சுக்குப் போகட்டும். கையேட்டின் கடைசியில் சொல்லடைவு இருக்குமானால் அதில் ‘ஏதம்’ என்று ஒரு வரியாவது சேர்க்க இடம் உண்டா? இருந்தால் எத்தனை எழுத்து வரலாம் என்று தெரிவிக்கவும், இரவே அனுப்புகிறேன்.