ஃப்ளோரஸ் குட்டை மனுஷங்க எப்ப வரைக்கும் உயிரோட இருந்தாங்க?

கடலோடி:
இந்தோனேசியால ஃப்ளோரஸ் தீவுல லியாங் புவா குகைல 2003ல ஒரு பொண்ணோட எலும்புக்கூடு கிடைச்சுதே, ஒரு மீட்டர் சொச்சம் தான் உயரம், அதை 2004ல அறிவிச்சப்போ 18,000 வருஷம்னு சொன்னாங்க, இந்த இனம் 12,000 வருஷம் முன்ன வரைக்கும் இருந்திருக்கும்னும் பேச்சு. இப்ப 50,000ன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. அந்த தீவுல இருக்கிற நாகே மக்கள் எபு கோகோன்னு சின்ன ஆளுங்களை பத்தி சொல்றாங்க, உடம்பெல்லாம் முடி, வயல்ல திருடும், நாம பேசுறதை அப்படியே திருப்பி சொல்லும்னு. எலும்பு கிடைக்கிறதுக்கு முன்னாடியே மானுடவியல் ஆய்வாளர் கிரகரி ஃபோர்த் இதை பதிவு பண்ணியிருக்கார், பார்க்காமலா இவ்வளவு விவரமா சொல்லுவாங்க?

மண்ணடுக்கு:
ப்ரோ 18,000 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. எலும்போட வயசை நேரா கணக்கு பண்ணல, கிட்ட இருந்த கரித்துண்டோட வயசை தான் பார்த்தாங்க. அப்புறம் 2007ல இருந்து 2014 வரை தோண்டினப்ப தான் புரிஞ்சுது, பழைய மண்ணு ஒரு பக்கம் அரிச்சுப்போய் சரிவா நின்னிருக்கு, பல்லாயிரம் வருஷம் கழிச்சு புது மண்ணு அந்த சரிவு மேல வந்து படிஞ்சிருக்கு, ரெண்டும் ஒரே ஆழத்துல பக்கத்து பக்கத்துல இருந்ததால கரி புதுசு எலும்பு பழசுங்கறது அப்ப தெரியல. 2016ல தொல்லியல் ஆய்வாளர் சுதிக்னாவோட டீம் எலும்பையே யுரேனியம் முறைல பார்த்தாங்க, எலும்புங்க 1,00,000ல இருந்து 60,000 வருஷம், அவங்களோட கல் கருவிங்க 50,000 வரைக்கும். தப்பை முதல்ல அங்க தோண்டின டீமே திருத்திக்கிட்டாங்க, அது பெரிய விஷயம்.

வன்னிப்பெடியன்:
நான் இலங்கை. எங்கட நாட்டிலயும் நிட்டாவோ எண்டு குள்ள மனுசர் கதை இருக்கு, வேடர் அவையளைக் குகைக்குள்ள அடைச்சு நெருப்பு வைச்சுக் கொண்டிட்டினம் எண்டு சொல்லுவினம். எபு கோகோவையும் குகையில வைச்சு எரிச்சதா தானே நாகே சனம் சொல்லுது? ஆனா இலங்கையில அப்பிடி ஒரு குள்ள இனத்தின்ர எலும்பு ஒண்டுகூட எடுக்கேல்ல. கதை மட்டும் சாட்சி ஆகாது கடலோடி அண்ணை.

கடலோடி:
நிட்டாவோ கதை எனக்கு புதுசு, நன்றி. சரி, 12,000ஐ விட்டுடறேன். ஆனா 50,000ங்கறது ஒரு குகையோட கணக்கு. அந்த குகைல எலி எலும்பு மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கு, அதை ஆராய்ஞ்சவங்க 60,000 வருஷம் வாக்குல திறந்தவெளில வாழ்ற எலி குறைஞ்சு காட்டு எலி கூடுதுன்னு காட்டியிருக்காங்க. அங்க நிலமே மாறிடுச்சு. ஸ்டெகோடான்ங்கற குட்டையான யானை இனம், பெரிய நாரை எல்லாம் புல்வெளி தேடி வேற பக்கம் போயிருந்தா இவங்களும் பின்னாடியே போயிருப்பாங்கல்ல? குகைய விட்டு போனவங்க தீவுலயே இல்லாம போயிட்டாங்கன்னு எப்படி சொல்றது?

மண்ணடுக்கு:
போயிருக்கலாம், அதை மறுக்கல. ஆனா 46,000 வருஷம் வாக்குலயே நம்ம மாதிரி மனுஷங்களோட தடயம் அதே குகைல வந்துடுது. குகைக்கு பக்கத்துல ராம்பசாசா ஊர்ல இருக்கிற குட்டையான மக்களோட டிஎன்ஏவ 2018ல பார்த்தாங்க, இந்த இனத்தோட கலப்புன்னு சொல்ல எதுவும் இல்ல. பத்தாயிரக்கணக்குல வருஷம் ஒரே தீவுல சேர்ந்து இருந்தாங்கன்னா ஒரு பல்லாவது கிடைக்கணும்ல.

கடலோடி:
அதே தீவுல மாத்தா மெங்கேங்கற இடத்துல இந்த மாதிரி குட்டை மனுஷங்களோட ஏழு லட்சம் வருஷம் பழைய எலும்பு இருக்கு. அங்க இருந்து லியாங் புவா வரைக்கும் நடுவுல ஆறு லட்சம் வருஷத்துக்கு ஒரு எலும்பு கூட கிடைக்கல, ஆனா அந்த காலத்துல அவங்க இல்லன்னு யாரும் சொல்றதில்ல. 50,000க்கு அப்புறம் மட்டும் எலும்பு இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?

மண்ணடுக்கு:
இது நியாயமான கேள்வி. ஆனா நடுவுல இருக்கிற இடைவெளிக்கு ரெண்டு பக்கமும் எலும்பு இருக்கு, 50,000க்கு இந்த பக்கம் ஒண்ணும் இல்ல. கிழக்கு ஃப்ளோரஸ்ல ஒரு குகைல 30,000 வருஷ மண்ணுல ஒரே ஒரு பல்லு வரட்டும், அன்னிக்கே நான் உங்க பக்கம் வந்துடறேன்.