மறு: சிம்லிங்க் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

டெபியன் இயங்குதளப் பயிற்சிக் கையேட்டின் மென்பொருள் பொதி மேலாண்மை இயலை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வேறொரு கோப்பு அல்லது அடைவு இருக்கும் இடத்தைக் காட்டும் ‘சிம்லிங்க்’ வரும் இடங்களை வெற்றாக விட்டிருக்கிறேன். ‘குறியீட்டு இணைப்பு’ என்று போட மனம் ஒப்பவில்லை. மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, இணைய வசதியும் இணைப்பு. மாணவர் எதை என்று எடுத்துக்கொள்வார்?

– ஒருங்கிணைப்பாளர்

*

ஐயா,

‘சுட்டு’ என்றே வைக்கலாம். ‘அக்கதவு’ என்பதில் அகரத்தை நீக்கினாலும் கதவு நிற்கிறது; அது புறச்சுட்டு. சிம்லிங்க்கை அழித்தாலும் கோப்பு அப்படியே இருக்கிறது. ‘அவன்’ என்பதில் அகரத்தை எடுத்தால் சொல்லே சிதைகிறது, அது அகச்சுட்டு. ஹார்டுலிங்க் என்பது அதே தரவுக்கு இன்னொரு பெயர். கடைசிப் பெயரை நீக்கினால் தரவும் போய்விடும்; எனவே அதற்கு அகச்சுட்டே பொருந்தும். இரண்டு சொற்களும் நன்னூல் படித்த எவருக்கும் தெரிந்தவை.

– தமிழாசிரியர்

*

> சிம்லிங்க்கை அழித்தாலும் கோப்பு அப்படியே இருக்கிறது

எப்போதும் அப்படி இல்லை, ஐயா. டெபியன் 12இல் (2023) /லிப் என்ற அடைவே /யூஎஸ்ஆர்/லிப்பைக் காட்டும் சிம்லிங்க். பொதிகளை நிறுவும் டிபிகேஜி நிரலோ பாதைகளை எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிட்டு வந்தது; இரண்டும் ஒரே இடம் என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு கோப்பு /லிப்பிலிருந்து /யூஎஸ்ஆர்/லிப்புக்கு நகர்ந்து, கூடவே வேறொரு பொதிக்கும் கைமாறினால் ஆபத்து. புதிய பொதி முதலில் விரிக்கப்படும். பிறகு பழைய பொதியை மேம்படுத்தும்போது, ‘என் பழைய கோப்பு இனி வேண்டாம்’ என்று /லிப் வழியாக அழிக்கும். அழிவது புதிய பொதியின் கோப்பு! பிழைச்செய்திகூட வராது.

இன்னொன்று: ‘சுட்டு’ என்றாலே இன்றைய வாசகருக்குத் துப்பாக்கிச் சூடுதான் நினைவுக்கு வரும். ‘சுட்டி’ என்றால் மவுஸ். சிம்லிங்க் என்றே விடுங்கள். தேடுகிறவர் அப்படித்தான் தேடுவார்.

– கணினி நிர்வாகி

*

‘அவ்வீட்டை இடி’ என்றால் இடிவது வீடுதானே, சுட்டு அன்றே! நீங்கள் சொன்ன நிகழ்வு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அங்கே அழிக்கச் சொன்னது சுட்டை அன்று. சுட்டப்பட்ட இடத்தில் உள்ள பொருளை.

– தமிழாசிரியர்

*

இதையும் கவனியுங்கள். பொதியின் விவரக்குறிப்பில் ‘இன்ன பொதியோடு சேர்ந்து இருக்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே அறிவிப்பது ஒன்று. இரண்டு பொதிகள் ஒரே பாதையில் கோப்பு வைக்க வந்து, டிபிகேஜி நிறுவலை நிறுத்துவது வேறொன்று. வரைவில் இரண்டையும் ‘முரண்பாடு’ என்றே எழுதியிருக்கிறீர்கள். முன்னது முரண், பின்னது மோதல் என்று பிரிக்காவிட்டால், வேறொரு பொதியின் கோப்பின் இடத்தில் தன் கோப்பை வைக்க அனுமதி தரும் ‘ரிப்ளேசஸ்’ என்ற புலம் எதற்கு என்று எந்த மாணவருக்கும் விளங்காது.

– ஒரு வாசகர்

*

முரண், மோதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். சிம்லிங்க்குக்கு, மற்ற மடல்களில் பெரும்பாலோர் கேட்டபடி ‘சுட்டிணைப்பு’ இடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் ‘சிம்லிங்க் எனப்படும் சுட்டிணைப்பு’ என்று இருக்கும். ஹார்டுலிங்க் இப்போதைக்கு அப்படியே.

– ஒருங்கிணைப்பாளர்

*

வேண்டாம் என்ற ‘இணைப்பு’ பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. ‘சுட்டு’ போதும். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

– தமிழாசிரியர்