சர்வர் மாற்றியதும் புள்ளியும் உகரமும் மட்டும் உடைந்த தளம்: உங்கள் அனுபவம் என்ன?

வேர்முனை:
பழைய சர்வர் படுத்து, நாணயச் சேகரிப்புத் தளம் ஒன்றைப் புது விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஏற்றிய வேலை. டேட்டாபேஸின் டம்ப் (முழு நகல் ஃபைல்) இறங்கிவிட்டது, முகப்பும் திறக்கிறது. ஆனால் தலைப்பு முழுக்க, மேலே சாய்கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி நிற்கின்றன. பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 முறை என்று படித்திருக்கிறது, அவ்வளவுதான். டம்ப் ஃபைலை ஐகான்வ் என்ற எழுத்துமுறை மாற்றும் கருவி வழியாகத் திருப்பியதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் ‘வெள்ளிக் காசு’ ‘வெள�ளிக� காச�’ என்று நிற்கிறது. தளம் முழுக்க இதே கதை: புள்ளியும் உகரமும் இல்லை, மற்றதெல்லாம் பெரும்பாலும் சரி.

காரணம் இது. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட், பதினாறடிமான ஹெக்ஸ் எண்ணில், 8டி, உகரக் குறிக்கு 81, ‘ஏ’வுக்கு 8எஃப், ‘ஐ’க்கு 90. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் லத்தீன்1 என்று சொல்வது விண்டோஸ்-1252 அட்டவணையை. அதில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்களும் காலி. மைஎஸ்க்யூஎல் தன் லத்தீன்1-இல் அந்த இடங்களைத் தானே நிரப்பி வைத்திருப்பதால் அதற்குள் போய்வரும் எழுத்துக்குச் சேதமில்லை. வெளிக் கருவிகள் அந்த ஐந்தையும் தூக்கி எறிந்துவிடும். அதனால் இந்தத் திருத்தத்தை டேட்டாபேஸுக்கு வெளியே செய்யவே கூடாது.

பழைய சர்வர் உயிரோடு இருந்தால், டிஃபால்ட் கேரக்டர் செட்டை லத்தீன்1 என்றும், கூடவே ஸ்கிப்-செட்-கேர்செட் என்றும் கொடுத்து டம்ப் எடுங்கள். ஃபைலில் டேபிள் வரையறைகளில் மட்டும் லத்தீன்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8) ஆக்கி, அந்த யூடிஎஃப்8எம்பி4-ஐயே சொல்லி இறக்குங்கள். டம்ப் மட்டும்தான் மிச்சம் என்றால், உடைந்தபடியே இறக்கிவிட்டு உள்ளே மாற்ற வேண்டும்: டேபிளின் நெடுவரிசையை (column) லத்தீன்1-க்கு கன்வெர்ட், அதை பைனரியாக காஸ்ட், அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கு கன்வெர்ட். ஒரே அப்டேட் வரியில் முடியும்.

அதற்கு முன், பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் சில வரிகளைப் பாருங்கள். நல்ல தமிழ் இ0ஏஇ அல்லது இ0ஏஎஃப் என்று தொடங்கும். கெட்டது சி3ஏ0சி2 என்று தொடங்கும். கெட்ட வரிகளை மட்டும் வேர் (WHERE) நிபந்தனையில் பிடிக்க வேண்டும். நல்ல வரிமேல் இந்த அப்டேட் ஓடினால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி ஆகிவிடும், மீட்க வழியில்லை.

பழையபெட்டி:
டம்ப் கையில் இருக்கிறது என்றே தொடங்கிவிட்டீர்கள். சர்வர் படுத்தபின் பெரும்பாலும் கைக்கு வருவது டிஸ்க் மட்டும்தான். அதை மவுன்ட் செய்து நோண்டத் தொடங்கினால் இருப்பதும் போகும். முதலில், கெட்ட டிஸ்க்கைப் படிக்கும் டிடிரெஸ்க்யூ கருவியால் வேறொரு டிஸ்க்குக்கு இமேஜ் (முழு நகல்), படித்த இடங்களைக் குறிக்கும் மேப் ஃபைலோடு. மேப் இருந்தால்தான் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு அந்த இமேஜை ரீட்-ஒன்லியாக, இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் என்றால் நோலோட் ஆப்ஷனும் சேர்த்து மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் ஜர்னலை (முடிக்காத மாற்றங்களின் பதிவு) ஓட்டி எழுதப் பார்க்கும்.

மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் டேபிள் ஃபைல்களை மட்டும் எடுத்து வருபவர்கள் அதிகம். ஐபிடேட்டா1 (பொது டேட்டா ஃபைல்), ஐபி_லாக்ஃபைல்கள் (மாற்றங்களின் பதிவு) எல்லாம் ஒரே நேரத்து நகலாக வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0.30 முதல் லாக் தனி ரீடூ ஃபோல்டரில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். லாக் பொருந்தாவிட்டால் எரர் லாகில் வரும் வரி இன்னும் கண்ணில் நிற்கிறது: பக்கத்தின் லாக் எண் எதிர்காலத்தில் இருக்கிறது என்று, பக்கத்துக்கு ஒரு வரியாக, திரை நிற்காமல் ஓடும். அது வந்தால் அதன்மேல் தளத்தை ஓட்டாதீர்கள்.

அதே வெர்ஷன் மைஎஸ்க்யூஎல்லை நிறுவி, ஃபோர்ஸ் ரெக்கவரியை (கெட்ட டேட்டாபேஸை வலிந்து திறக்கும் அமைப்பு) 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 3 வரை ஓரளவு பாதுகாப்பு. 4 முதல் டேட்டா நிரந்தரமாகக் கெடலாம், அதை நகலின்மேல்தான் செய்ய வேண்டும். திறந்ததும் டேபிள் டேபிளாக டம்ப், பிறகு சுத்தமான இன்ஸ்டாலில் இறக்குவது. மீட்ட டேட்டாபேஸையே தொடர்ந்து ஓட்டுவது மிகக் கெட்ட பழக்கம்.

கருங்குயில்:
புள்ளி இருக்கட்டும், தளமே பாதிப் பேருக்கு வராமல் இருந்ததைச் சொல்கிறேன். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் பதிவு) மாற்றியாச்சு, வீட்டு இணைப்பில் புதுத் தளம், மொபைல் டேட்டாவில் பழைய சர்வரின் ‘கணக்கு நிறுத்தப்பட்டது’ பக்கம். ஒரே மேசைமேல் ரெண்டு திரை, ரெண்டு தளம். கேஷ் என்று நினைத்துக் காத்திருந்தால் காலத்துக்கும் மாறாது. ஐபிவி4 முகவரி சொல்லும் ஏ ரெக்கார்ட் மாறியிருக்கும், ஐபிவி6 முகவரி சொல்லும் நாலு ஏ (AAAA) ரெக்கார்ட் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இலவச சர்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டும் ஐபிவி6 இருந்தால் முதலில் அங்கேதான் போகும். பழைய சர்வர் 404 கொடுக்கும், சர்டிஃபிகேட் கிடைக்காது. திரும்பத் திரும்ப முயன்று லிமிட்டில் மாட்டுவதற்கு முன் அவர்களின் சோதனைச் சர்வரான ஸ்டேஜிங்கில் பாருங்கள். மாற்றுவதற்கு முன்பே டிடிஎல்லை (பதிவை எத்தனை விநாடி கேஷில் வைக்கலாம் என்ற எண்) 300 ஆக்கியிருந்தால் இதெல்லாம் சீக்கிரம் தெரிந்திருக்கும்.

மூன்றாம்படி:
கருங்குயில், நாலு ஏ சரி. டிடிஎல் விஷயத்தில் உடன்பாடில்லை. திட்டமிட்டு மாறுபவர்தான் முன்கூட்டியே 300 ஆக்க முடியும். படுத்த சர்வர் சொல்லிவிட்டுப் படுப்பதில்லை. 86400 போட்டு வைத்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரிதான். பொழுதுபோக்குத் தளத்துக்கு எப்போதுமே 3600 போதும். அதைவிடப் பெரிய சிக்கல், டிஎன்எஸ்ஸும் அதே ஹோஸ்டிடம் இருப்பது. அப்போது டிஎன்எஸ் பதில் தரும் நேம்சர்வரையே மாற்ற வேண்டும். டாட் காமில் அந்தப் பதிவின் டிடிஎல் 172800 விநாடி, இரண்டு நாள். அதை நீங்கள் குறைக்க முடியாது. டொமைன், டிஎன்எஸ், ஹோஸ்டிங், பேக்கப் நான்கும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு மீட்க ஒன்றுமில்லாமல் போனது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தளம் திறந்துவிட்டது என்று விட்டுவிடுபவர்களுக்காக எழுதுகிறேன். மெயில்: எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் பழைய ஐபி இருந்தால் பாஸ்வேர்ட் மாற்றும் மெயில் ஸ்பேமுக்குப் போகும். பல விபிஎஸ்களில் வெளியே போகும் 25-ஆம் போர்ட் அடைத்திருக்கும், 587 வழியாக ரிலே வையுங்கள். க்ரான்: ஹோம் ஃபோல்டரை நகலெடுத்தால் க்ரான்டேப் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) வராது, அது வார் ஸ்பூல் க்ரானுக்குள் இருக்கிறது. புது சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடும், அதையும் பாருங்கள். பிஎச்பி: 7.0-இல் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் போய்விட்டன, 8.0-இல் ஈச்சும் கிரியேட் ஃபங்ஷனும் போய்விட்டன. பத்து வருடப் பழைய கோட் வெள்ளைத் திரைதான் காட்டும்.

தமிழ் ஃபைல் பெயர்கள்தான் யாரும் எதிர்பார்க்காத இடம். படங்களைப் பழைய மேக்கில், எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கில் இறக்கி, அங்கிருந்து புது சர்வருக்கு ஏற்றினால் ‘தோட்டம்’ என்ற பெயர் கண்ணுக்கு அப்படியே இருக்கும், லிங்க் 404 தரும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை மேக் இரண்டாகப் பிரித்துச் சேமித்துவிடுகிறது. ‘ோ’ ஒரே குறியாக இருந்தது ‘ே’, ‘ா’ என்று இரண்டாகிவிடும். லினக்ஸுக்கு அது வேறு பெயர். ஃபைல் பெயர்களின் எழுத்துமுறையை மாற்றும் கான்வ்எம்வியில் என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) கொடுத்தால் திரும்பச் சேர்ந்துவிடும். நோடெஸ்ட் கொடுக்காதவரை அது எதையும் மாற்றாமல் பட்டியல் மட்டும் காட்டும், முதலில் அந்தப் பட்டியலைப் படியுங்கள். இடையில் மேக்கே வேண்டாம் என்றால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியால் சர்வரிலிருந்து சர்வருக்கு நேரே ஏற்றுங்கள்.

வேர்முனை:
பழையபெட்டி, டிஸ்க் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஃபோர்ஸ் ரெக்கவரியில் எடுக்கும் டம்ப்புக்கும் அதே லத்தீன்1 கேள்வி வரும், அங்கேயும் ஹெக்ஸ் பார்த்த பிறகே இறக்குங்கள். மைஎஸ்க்யூஎல் 8-இலிருந்து அதன் கிளையான மரியாடிபியின் பழைய வெர்ஷனுக்குப் போனால் 0900 என்ற கொலேஷன் (எழுத்து வரிசை விதி) தெரியாது என்று 1273 எரர் வந்து நிற்கும். டம்ப்பில் அந்தப் பெயரை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்று மாற்றினால் இறங்கிவிடும்.