பிளாக் இழுத்துப் போட்டு ரோபோ ஓட்டிய அனுபவங்கள்

ரோபோ குழு வழிகாட்டி:
எங்கள் பிள்ளைகள் லெகோவின் ரோபோ கிட்டான ஸ்பைக் பிரைமின் செயலியில் பிளாக்குகளை, அதாவது திரையில் ஒன்றோடொன்று கோர்க்கும் கட்டளைத் துண்டுகளை, இழுத்துப்போட்டு நிரல் எழுதுகிறார்கள். அடைப்புக்குறி விட்டுப்போனது, எழுத்துப்பிழை என்ற தொல்லை கிடையாது. பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது. ஆனால் யோசனையில் விழும் ஓட்டையை எந்த பிளாக்கும் அடைக்காது.

ஒரு மாணவி, கறுப்புக் கோட்டைக் கண்டதும் நிற்கவேண்டிய ரோபோவுக்கு 'இஃப்' ('இப்படி இருந்தால் இதைச் செய்') பிளாக் போட்டிருந்தாள். ரோபோ கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சென்சார் பழுது என்று சாதித்து, வேறு சென்சாரும் மாட்டிப் பார்த்தாள். "ஒவ்வொரு பிளாக்கா விரலை வைத்து வாசி, அந்த நொடியில் ரோபோ எங்கே நிற்கிறது என்றும் சொல்" என்றேன். இஃப் வந்ததும் அவளே சிரித்துவிட்டாள். அது ஒரே ஒரு தடவைதான் பார்க்கும். அப்போது ரோபோ இன்னும் வெள்ளையில்தான் நிற்கிறது. 'வெயிட் அன்டில்' ('அப்படி ஆகும்வரை காத்திரு') போட்டதும் சரியாக நின்றது. மவுஸை நான் தொடவே இல்லை. பெரியவர்கள் அதைப் பிடுங்கித் திருத்துவதுதான் இதில் பெரிய கெடுதல் என்பேன்.

ஒரு பெற்றோர்:
எங்கள் வீட்டில் தூரம்தான் தகராறு. 1 மீட்டர் போக எத்தனை சுற்று என்று மகன் குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டே இருந்தான். சக்கரத்தின் விட்டம் 56 மி.மீ. அதை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 17.6 செ.மீ. அப்படியானால் 5.7 சுற்று. கணக்குப் பாடத்தில் பார்த்த பை இங்கே எப்படி வந்தது என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். (சக்கரம் வழுக்கினால் கணக்கும் வழுக்கும், அது வேறு கதை.)

கல்லூரி மாணவர்:
நிரலைத் தொடங்கிவைக்கும் 'ஸ்டார்ட்' பிளாக்கை இரண்டாக வைத்து, இரண்டிலிருந்தும் ஒரே மோட்டாருக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ரோபோ திக்கித் திணறினால் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ரோபோ குழு வழிகாட்டி:
ஆமாம், அதுவும் அடிக்கடி நடக்கும். அப்புறம், பிளாக்கை விட்டு, தட்டச்சு செய்து எழுதும் நிரல்மொழியான பைத்தானுக்கு எப்போது மாறுவது என்று பலர் கேட்கிறார்கள். மைக்ரோபிட் என்ற சின்ன கணினிப் பலகைக்கு நிரல் எழுதும் மேக்கோட் தளத்தில் போட்ட பிளாக்குகளையே பைத்தானாகவும் பார்க்கலாம், அதனால் அவசரப்படுத்துவதில்லை. திரை முழுக்க பிளாக் நிரம்பி, தேடித் தேடி அலுத்துப்போகும் பிள்ளை தானாகவே வந்து கேட்கும்.